லிஃப்ட் தூக்கவில்லையா? பம்பைக் கழற்றும் முன் எண்ணெயைப் பாருங்கள்!

ஆடிப்பட்டத்துக்கு உழவு ஓட்டும் நேரத்தில்தான் பழைய டிராக்டரின் லிஃப்ட் மக்கர் செய்யும். லீவரைத் தூக்கினாலும் கலப்பை மண்ணிலேயே கிடக்கும். இல்லாவிட்டால், தூக்கிய கலப்பை வரப்பைத் தாண்டுவதற்குள் இறங்கிவிடும். ‘பம்ப் போச்சு’ என்று யாராவது சொல்வார்கள். கடன் வாங்கிப் பம்பை மாற்றிய பிறகும் அதே கதை தொடர்ந்தால், பணமும் போய் ஈரமும் காய்ந்துவிடும். பல நேரங்களில் கோளாறு ஒரு சின்ன ரப்பர் வளையத்தில்தான் இருக்கும்.

கிராமங்களில் இன்னமும் ஓடும் மாஸி ஃபெர்குசன் 1035 போன்ற வண்டிகளில், ஹாரி ஃபெர்குசன் 1920-களில் வகுத்த அமைப்பின் வழிவந்த லிஃப்ட்தான் இருக்கிறது. இதில் பம்ப் வெளியே தெரியாது. சீட்டுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். அதை இயக்குவது பி.டி.ஓ. தண்டு. எனவே, பி.டி.ஓ. லீவர் நியூட்ரலில் இருந்தால் லிஃப்ட் தூக்காது. பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர்கள் இது தெரியாமலேயே மெக்கானிக்கைத் தேடி அலைவதுண்டு.

அடுத்து எண்ணெய். கியருக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய்தான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கலப்பையை இறக்கிவிட்டு அளவுக் குச்சியைப் பாருங்கள். பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சேற்றுழவில் புகுந்திருக்கலாம், கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் இறங்கியிருக்கலாம். அதன் மேலேயே புது எண்ணெய் ஊற்றுவதில் பயனில்லை. முழுவதும் வடித்து, சல்லடையைக் கழுவி, வண்டியின் கையேட்டில் சொன்ன எண்ணெயை ஊற்ற வேண்டும். இன்ஜினில் வடித்த கழிவு எண்ணெயை ஊற்றுவது பம்புக்கு நாமே வைக்கும் உலை.

வண்டி நடந்துகொள்ளும் விதமே பாதியைச் சொல்லிவிடும். காலையில் தூக்காமல், சூடேறிய பிறகு தூக்கினால் எண்ணெய் கெட்டியாக இருக்கலாம் அல்லது சல்லடை அடைத்திருக்கலாம். காலையில் நன்றாகத் தூக்கி, மதியம் தளர்ந்தால் தேய்மானம். சூட்டில் இளகிய எண்ணெய் இடுக்குகளில் கசிகிறது. தூக்கிய கலப்பை இன்ஜின் ஓடும்போது விட்டுவிட்டுத் துள்ளினால், உள்ளே எங்கோ கசிவு. இறங்க இறங்க பம்ப் மீண்டும் தூக்குகிறது.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எண்ணெயைக் கொஞ்சம் வடித்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கலப்பையைத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, கலப்பைக்கு அடியில் பலமான மரக்கட்டைகளைச் சிறு இடைவெளி விட்டு அடுக்குங்கள். பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே சிலிண்டரிலிருந்து சொட்டினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் மூட்டில் வழிந்தால் அங்குள்ள ஓ-ரிங் மாற்றினால் போதும். பம்பின் பக்கம் ஒழுகினால் வால்வுகளைச் சோதிக்க வேண்டும்; அதுதான் மெக்கானிக்கின் வேலை. கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். அட்டையை நீட்டிப் பார்க்கலாம். கலப்பைக்கு அடியில் யாரும் போகவே கூடாது.

சிலர் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்து இறுக்குவார்கள். இரண்டு நாள் நன்றாகத் தூக்கும். அழுத்தம் எல்லை மீறினால் மேல் மூடியோ பம்போ வெடித்து, வளையத்துக்கான செலவு பெட்டிக்கான செலவாகிவிடும்.

புது ஓ-ரிங் எண்ணெய் தாங்கும் ரகமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். எண்ணெயில் நனைத்து, முறுக்காமல் பொருத்த வேண்டும். மூடியைப் போட்டு, வடித்த அளவுக்கு எண்ணெய் ஊற்றி, பாரம் இல்லாமல் ஏழெட்டு முறை லிஃப்ட்டை ஏற்றி இறக்கிவிட்டு, மறுபடி அளவுக் குச்சியைப் பாருங்கள். சிலிண்டரும் குழாய்களும் நிரம்பியதில் அளவு குறைந்திருக்கும்.