உப்பு உடன்படிக்கை

“உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. ஒரு வேளை சோறிட்டவருக்கும் உயிருள்ளவரை நன்றியோடு இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். சோற்றைச் சொல்லாமல் உப்பைச் சொன்னது ஏன்? சோறு மறுநாளே ஊசிப்போகும், உப்போ கெடாது. தன்னோடு சேர்ந்த மீனையும் மாங்காயையும் கூடக் கெடாமல் காக்கும். ஆகவே மாறாத உறவுக்கு உப்பு அடையாளமாயிற்று.

இதே எண்ணம் விவிலியத்திலும் உண்டு. இஸ்ராயேல் மக்கள் படைத்த உணவுக் காணிக்கை ஒவ்வொன்றிலும் உப்புச் சேர்க்க வேண்டும் என்று லேவியர் நூல் விதிக்கிறது. ஆரோனின் குலத்துக்கு இறைவன் அளித்த உரிமையை எண்ணிக்கை நூலும், தாவீதின் குலத்துக்கு அளித்த அரசுரிமையைக் குறிப்பேட்டு நூலும் ‘உப்பு உடன்படிக்கை’ என்றே குறிக்கின்றன. என்றும் மாறாத உடன்படிக்கை என்பது அதன் கருத்து.

வேதாரணியத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் வழியில் அகத்தியம்பள்ளி உப்பளங்களைப் பார்க்கும் நமக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். 1930 ஏப்ரல் 30-ஆம் நாள் இராஜாஜியும் தொண்டர்களும் சட்டத்தை மீறி உப்பெடுத்த மண் அது. ஆனால் உவமை விளங்கினால் மட்டும் போதுமா? இறைவனின் வாக்கு உண்மையிலேயே மாறாததா? எதைக் கொண்டு அதை நம்புவது? இக்கேள்விகளை நாம் சற்று ஆராய்வோம்.

ஒப்பந்தம் வேறு, உடன்படிக்கை வேறு

நம் தஞ்சைச் சீமையில் நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது, இத்தனை மூட்டை நெல் அளப்பது என்று பேசி முடிப்பார்கள். ஒருவர் சொன்னபடி நடக்காவிட்டால் மற்றவரும் விலகிக்கொள்ளலாம். இது ஒப்பந்தம். விவிலியம் கூறும் உடன்படிக்கையோ உறவை உண்டாக்குவது. “நான் உங்கள் கடவுள், நீங்கள் என் மக்கள்” என்பதே அதன் சாரம். பிள்ளை தவறு செய்தால் தாய் கண்டிப்பாள். ஆனால் தாய் என்ற உறவிலிருந்து விலகிவிட மாட்டாள் அன்றோ?

ஆபிரகாமோடு இறைவன் உடன்படிக்கை செய்த விதத்தைத் தொடக்க நூலின் 15-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அக்காலத்தில் உடன்படிக்கை செய்வோர் விலங்குகளை இரண்டாகப் பிளந்து, அத்துண்டுகளின் நடுவே நடந்து செல்வது வழக்கம். வாக்குத் தவறினால் எனக்கும் இக்கதியே நேரட்டும் என்பது அதன் பொருள். ஆனால் இங்கே ஆபிரகாம் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கிறார். புகையும் தீச்சட்டியும் எரியும் தீப்பந்தமும் மட்டுமே துண்டுகளின் நடுவே கடந்து செல்கின்றன. அவை இறைவனின் அடையாளங்கள். மனிதன் நடக்கவில்லை, இறைவன் மட்டுமே நடந்தார். வாக்கின் முழுப் பொறுப்பையும் தாமே ஏற்றுக்கொண்டார். நாம் அதை நம்புவதற்கு முதற்காரணம் இதுவே. அது நம் தகுதியின் மேல் நிற்கவில்லை. அவருடைய குணத்தின் மேல் நிற்கிறது.

எனினும் அவ்வாக்கு உடனே நிறைவேறிவிடவில்லை. அழைக்கப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது அவருக்கு வயது 100. இடையே 25 ஆண்டுகள் காத்திருந்தார்.

கடலும் வானவில்லும்

ஆபிரகாமுக்கு முன்பே நோவாவோடு இறைவன் ஓர் உடன்படிக்கை செய்தார். அது ஒரு சமயத்தாருக்கோ ஓர் இனத்தாருக்கோ மட்டும் உரியதன்று. எல்லா மக்களும் அதில் அடக்கம். பறவைகளும் விலங்குகளும் கூட அடக்கம். கோடியக்கரைச் சரணாலயத்துக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் பூநாரைகளுக்கும், அங்கே துள்ளித் திரியும் வெளிமான்களுக்கும் அதில் பங்குண்டு. உயிர்களையெல்லாம் அழிக்கும் வெள்ளம் இனி வராது என்பது வாக்கு. வானவில் அதன் அடையாளம். விதைப்பும் அறுவடையும், பகலும் இரவும் ஓயா என்றும் இறைவன் அருளினார்.

ஆனால் 2004 டிசம்பர் 26-ஐ நம் கடற்கரை மறக்க முடியுமா? அந்த ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை வாரிச் சென்றது. கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அதில் மாண்டனர். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் வேதாரணியப் பகுதியின் தென்னைகளைச் சாய்த்தது. உப்பளங்களைச் சேற்றால் மூடியது. அப்படியானால் வானவில்லின் வாக்கு பொய்த்ததா?

வாக்கைக் கூர்ந்து படித்தால் விடை ஓரளவு கிடைக்கும். உலகம் முழுவதும் அழியாது என்றுதான் இறைவன் சொன்னார். எந்த ஊரிலும் அலை ஏறாது, எந்த வீட்டிலும் அழுகுரல் கேட்காது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையை இழந்த தாய்க்கு இந்த விடை போதாது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை, விவிலியமும் மறைக்கவில்லை.

கேள்வி கேட்கும் நம்பிக்கை

தாவீதின் அரியணை என்றும் நிலைக்கும் என்று இறைவன் வாக்களித்திருந்தார். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமைத் தகர்த்தனர்; தாவீதின் அரசு வீழ்ந்தது. உப்பு உடன்படிக்கை என்னவாயிற்று? 89-ஆம் சங்கீதம் இந்தத் துயரத்தையே பாடுகிறது. முற்பகுதியில் இறைவனின் வாக்கைப் போற்றி, பிற்பகுதியில் அந்த வாக்கு எங்கே போயிற்று என்று அவரிடமே முறையிடுகிறது. கண்ணீரோடு இறைவனைக் கேள்வி கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. நம்புகிறவர்தான் முறையிடுவார்.

உப்புப் பாத்தியில் மழை பெய்தால் விளைந்த உப்பு கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆனால் அது அழிந்துவிடுவதில்லை, நீரிலேயே இருக்கிறது. வெயில் காய்ந்தால் மீண்டும் தோன்றும். தாவீதுக்கு அளித்த வாக்கும் அப்படியே பல நூற்றாண்டுகள் மறைந்திருந்தது. பின்பு நாசரேத்தூரில் ஓர் எளிய கன்னிகையிடம், தாவீதின் அரியணை அவள் மகனுக்கு உரியது என்று வானதூதர் அறிவித்தார். அன்னை மரியாள் பாடிய புகழ்ப்பாடலிலும் ஆபிரகாமுக்கு அளித்த வாக்கு நினைவுகூரப்படுகிறது.

அந்த மகன் அரண்மனையில் அமரவில்லை. இறுதி இராவுணவில் கிண்ணத்தை எடுத்து, தம் இரத்தத்தால் புதிய உடன்படிக்கையை ஏற்படுத்தினார். மறுநாள் சிலுவையில், தாம் கைவிடப்பட்டதாகக் கதறிய சங்கீதத்தையே தம் செபமாக்கினார். துயரமே வராது என்று சொல்லாத இறைவன், துயரத்தில் தாமே இறங்கி வந்தார். சாவையும் வென்று எழுந்தார். ஒவ்வொரு திருப்பலியிலும் கிண்ணம் உயர்த்தப்படும்போது இந்த உடன்படிக்கையே நம்முன் வைக்கப்படுகிறது.

நம் கடமை

நாம் உண்மையற்றவர்களாய் இருந்தாலும் இறைவன் உண்மையுள்ளவராகவே இருப்பார் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் கூறுகிறது. இதைக் கேட்டு நாம் அலட்சியமாய் இருந்துவிடலாமா? அவரது உப்பைத் தின்றவர்கள் நாம். தோழியிடம் வாங்கிய புத்தகத்தைச் சொன்ன நாளில் திருப்பித் தருவதும், பெற்றோரிடம் சொன்ன சொல்லைக் காப்பதும், துயரத்தில் இருப்பவரை விட்டு அகலாதிருப்பதும் நம் பங்கு. சீடர்களை நோக்கி, நீங்கள் மண்ணுலகுக்கு உப்பு என்று இயேசு சொன்னதும் இதனால்தான்.

செபத்தின் முடிவில் நாம் சொல்லும் ‘ஆமென்’ என்ற எபிரேயச் சொல், உறுதியானது, நம்பத்தக்கது என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. அடுத்த முறை அதைச் சொல்லும்போது பொருளுணர்ந்து சொல்வோம். இறைவனின் வாக்கு உறுதியானது. நம் வாக்கும் அவ்வாறே உறுதியாகுக. ஆமென்.