வழியனுப்பும் வாசலில் ஒரு கேமரா

நீலகிரியில் விமான நிலையம் கிடையாது. உதகையின் காந்தல் பகுதியிலிருந்து வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் குன்னூர், மேட்டுப்பாளையம் என்று மலையிறங்கி, கோவை பீளமேட்டுக்குப் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். ஷார்ஜா விமானம் விடியற்காலையில் என்பதால் முந்தின நாள் இரவே வேன் புறப்பட்டுவிடும். பயணி ஒருவர்தான்; வழியனுப்ப வருகிறவர்கள் வேன் நிறைய. கீழ்நாட்டுப் புழுக்கத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், மலைக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று.

தெருப் புகைப்படம் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நம் விமான நிலையங்களில் பெரும்பாலும் டிக்கெட்டும் அடையாள அட்டையும் இருப்பவர்களை மட்டுமே மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் உள்ளே விடுவார்கள். அதனால் விடைபெறுவது முழுக்க வாசலுக்கு வெளியே, தள்ளுவண்டிகளுக்கும் டாக்சிகளுக்கும் நடுவில் நடக்கிறது. முதலில் எல்லோரும் வரிசையாக நின்று செல்போனில் குரூப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதை நீங்கள் எடுக்க வேண்டாம். அது முடிந்து வரிசை கலையும் நொடிக்குத் தயாராக இருங்கள். சிரிப்பு இறங்கி, அப்பா பாஸ்போர்ட்டை மறுபடி தொட்டுப் பார்க்கச் சொல்வார். பாட்டி வர்க்கிப் பொட்டலத்தைப் பையின் ஓரத்தில் திணிப்பார். பயணம் போகிற பையன் உள்ளே போன பிறகு கண்ணாடிச் சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு தேடுவார்கள். உள்ளே நடக்கும் பையனும் வெளியே நிற்கும் முகங்களும் ஒரே கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. எங்கள் மலையில் கேமரா வந்த நாள் முதல் மனிதர்களை நிறுத்திவைத்தே படமெடுத்திருக்கிறார்கள். நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் பிரீக்ஸ் பழங்குடிகளைப் பற்றி எழுதி, அவர் இறந்த பிறகு 1873-இல் வெளியான நூலில் தோடரும் கோத்தரும் அப்படித்தான் கேமராவுக்கு முன் நிற்கிறார்கள். இன்றைய சுற்றுலாப் பயணியும் தேயிலை பறிக்கும் பெண்ணிடம், “கொஞ்சம் இப்படிப் பாருங்கம்மா” என்கிறார். மலை மக்கள் தங்கள் சொந்தக் கவலையில், சொந்த அவசரத்தில் இருக்கும் படங்கள் மிகக் குறைவு. இத்தனைக்கும் இந்தியாவுக்கே ஃபிலிம் செய்துகொடுத்த ஊர் இது. 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் உதகை இந்துநகரில் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிமைத் தயாரித்தது. வெளிச்சம் பட்டால் சரக்கு பாழ் என்பதால், அங்கே இருட்டிலேயே வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. ஆலை இன்று மூடிக் கிடக்கிறது.

விமான நிலையத்தை ஒரு தெருவாகவே பார்த்தவர் அமெரிக்கர் கேரி வினோகிராண்ட். அவர் 1984-இல் காலமானார். கால் நூற்றாண்டாக அவர் எடுத்த விமான நிலையப் படங்கள் 2004-இல்தான் புத்தகமாயின. ஜூம் வைத்து ஒளிந்து எடுக்கவில்லை. 28 மி.மீ. போன்ற அகல லென்ஸோடு கூட்டத்துக்குள்ளேயே நின்றார். அந்த முறைதான் நேர்மையானது என்பது என் எண்ணம். தூரத்திலிருந்து ஒரு தாயின் அழுகையை மட்டும் வெட்டி எடுப்பது திருட்டு. பக்கத்தில் நின்றால் உங்களையும் அவர்கள் பார்ப்பார்கள். வேண்டாம் என்று கையசைக்க அவர்களுக்கு வாய்ப்பு இருக்கும். அசைத்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். அழித்துவிடச் சொன்னால் அவர்கள் கண்ணெதிரே அழித்துவிடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். விமான நிலையத்தில் படமெடுக்க அனுமதி வேண்டும் என்று 1937-ஆம் ஆண்டு விமான விதிகளே சொல்லிவிட்டன. நடைமுறையில் குடும்பப் படங்களையும் செல்ஃபிகளையும் யாரும் தடுப்பதில்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனை, குடியேற்றப் பிரிவு, துப்பாக்கியோடு நிற்கும் வீரர், இந்த மூன்றின் பக்கமும் லென்ஸ் திரும்பவே கூடாது. விமானப்படைத் தளத்தோடு சேர்ந்த நிலையங்களில் கேமராவைப் பையிலேயே வைத்துவிடுங்கள். காவலர் கேட்டால் வாதாடாமல் படத்தைக் காட்டுங்கள்.

உள்ளே விளக்கொளி ஏமாற்றும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சத்தம் வராத எலெக்ட்ரானிக் ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஃபிலிம் கேமராக்காரர்கள் ரோல்களை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. அங்குள்ள எக்ஸ்ரே ஃபிலிமைப் பாழாக்கிவிடும். கைப்பையில் தெரியும்படி தனியாக வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

பழகுவதற்கு டிக்கெட் வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. காந்தல் முக்கோணத்தில் காலை பஸ் வரும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். மைதானத்தில் கால்பந்து நடக்கும் மாலையில் பந்துக்கு முதுகைக் காட்டி, கோட்டோரம் நிற்பவர்களை எடுங்கள். முதல் வாரம் எல்லோரும் கேமராவைத்தான் பார்ப்பார்கள். தினமும் போனால், யாரும் பார்க்க மாட்டார்கள்.