கனகாம்பரம் வாடுகிறதா? முதலில் வேரைப் பாருங்கள்!

‘வீட்டுக்குப் பக்கத்தில் 5 சென்ட் டெல்லி கனகாம்பரம் வைத்திருக்கிறோம். ஆறு மாதம் நன்றாகப் பூத்தது. இப்போது இலை வெளுத்து, செடி குன்றி, ஒவ்வொன்றாக வாடுகிறது. என்ன உரம் போடலாம்?’ என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

உரம் இருக்கட்டும். வாடத் தொடங்கிய ஒரு செடியை வேர் அறுந்துவிடாமல் மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் கறுப்புத் தழும்போ, சிறு முடிச்சுகளோ இருந்தால் அது நூற்புழுவின் வேலை. அது போட்ட காயம் வழியாக வாடல் நோய்ப் பூஞ்சணமும் உள்ளே நுழைந்துவிடும். வேர் கெட்ட செடி, போடும் உரத்தை எப்படி எடுக்கும்?

பணியில் சேர்ந்த புதிதில் நானும் இந்தத் தவறைச் செய்தேன். வெளுத்த செடியைப் பார்த்ததும், வேரைப் பார்க்காமலே யூரியா போடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் பாதித் தோட்டம் காய்ந்து கிடந்தது. பூ விற்ற காசில்தான் அந்த வீட்டுக்குப் பாலும் காய்கறியும். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது. வேர்விட்ட குச்சிகளைத்தான் நடுகிறோம். அடுத்தவர் தோட்டத்து மண்ணோடு நாற்று வாங்கி வந்தால், நூற்புழுவும் கூடவே வந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியவை:

* முற்றிலும் வாடிய செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். குப்பைக்குழியில் போட வேண்டாம்.
* நோய் கண்ட பாத்தித் தண்ணீர், நல்ல பாத்திக்குப் பாயக் கூடாது. களைக்கொத்தைக் கழுவிவிட்டு அடுத்த பாத்தியில் இறங்குங்கள்.
* சென்ட்டுக்கு 1 கிலோ வேப்பம்பிண்ணாக்கைத் தூளாக்கி, செடியைச் சுற்றிப் போட்டுக் கொத்திவிடுங்கள்.
* 5 சென்ட்டுக்கு 50 கிராம் சூடோமோனாஸை ஒரு கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது வேர்ப்பகுதியில் இடுங்கள்.
* தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

பாதிக்கும் மேல் போய்விட்டால், மீதியையும் எடுத்துவிட்டு ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். பூவுக்கும் காசு கிடைக்கும். கத்தரி, தக்காளி, வெண்டை வேண்டாம்; வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அவை நல்ல தீனி. பிறகு சுத்தமான மண்ணில் நீங்களே குச்சி பதியம் போட்டு, 60க்கு 40 செ.மீ. இடைவெளியில் நடுங்கள்.

சந்தேகம் இருந்தால் வேரோடு கொஞ்சம் ஈரமண்ணையும் பாலித்தீன் பையில் கட்டி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள்!