வீட்டில் கட்டும் விமானத்திற்கு வட்ட இயந்திரமா?

பெட்டியில் வரும் அலமாரியை வாங்கி, கூடவே இருக்கும் விளக்கத் தாளைப் பார்த்து வீட்டில் பூட்டியிருப்பீர்கள். விமானமும் அப்படி வருகிறது. அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் தயாராகும் கிட்ஃபாக்ஸ் அவற்றுள் ஒன்று. இரண்டு பேர் அமரலாம். எஃகுக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் துணி போர்த்த வேண்டும். இறக்கையை மடித்து வைக்கலாம். ஆனால் இயந்திரத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுபவர்களின் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

நம் வட்டாரத்தை வைத்தே யோசித்துப் பாருங்கள். புக்கிட் பெருந்துங்கிலிருந்து மேற்கே கோலசிலாங்கூர் பக்கம் ஒரு சிறு விமானம் 300 மீட்டர் உயரத்தில் பறக்கிறது. கீழே பெரும்பகுதி செம்பனைத் தோட்டங்கள். இயந்திரம் நின்றுவிட்டது. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஒன்பது மீட்டர் முன்னேறும் விமானம் என்று வைத்துக்கொண்டால், விமானிக்கு மிச்சம் 2.7 கிலோமீட்டர். அதற்குள் ஒரு தோட்டச் சாலையோ, வெட்டவெளியோ கிடைக்க வேண்டும். இல்லையென்றால் பனை மட்டைகளின் மேல்தான் இறங்க வேண்டும். ஒற்றை இயந்திர விமானத்தில் இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று இல்லை.

இயந்திரம் தேடுபவர்கள் பலர் மயங்குவது ரேடியல் இயந்திரத்தின் அழகில். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பிகளைப் போல, நடுவிலுள்ள ஒரு தண்டைச் சுற்றி சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரின் மேலும் நம் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற குளிர்ச்சித் தகடுகள். ரேடியேட்டர் இல்லை, தண்ணீரும் இல்லை. எதிரே வரும் காற்று எல்லாச் சிலிண்டர்களையும் நேராகத் தொட்டுச் செல்கிறது.

நம் நாட்டுக்கு இது புதிதன்று. மலாயன் ஏர்வேய்ஸ் 1947-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய ஏர்ஸ்பீட் கான்சல் விமானத்தில் இரண்டு ரேடியல் இயந்திரங்கள் இருந்தன. 1958-இல் உருவான நம் ஆகாயப்படையின் முதல் விமானம் ட்வின் பயனியர். துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு ‘லாங் ராஜாவாலி’ என்று பெயரிட்டார். அதன் இரண்டு இயந்திரங்களும் 9 சிலிண்டர் ரேடியல்கள்தாம். 1927-இல் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை 33 மணி நேரத்திற்கும் மேலாகத் தனியாகப் பறந்தார் அல்லவா? அவர் நம்பியதும் ஒற்றை ரேடியலைத்தான். 9 சிலிண்டர், 223 குதிரைத்திறன்.

கவனித்தீர்களா, 5, 7, 9 என்று எப்போதும் ஒற்றை எண்! நான்கு வீச்சு இயந்திரத்தில் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறைதான் தீப்பற்றும். 7 சிலிண்டர் என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 3, 5, 7, அப்படியே தொடர்ந்து 2, 4, 6. இரண்டு சுற்றில் எல்லாம் முடிந்து மீண்டும் 1-க்கு வந்துவிடும். இடைவெளியும் சமமாக இருக்கும். 6 சிலிண்டர் வைத்து இதையே தாளில் வரைந்து பாருங்கள். 1, 3, 5 முடிந்ததும் அடுத்து வருவது மறுபடியும் 1. இரட்டை எண்கள் பட்டினி! டக்கோட்டா விமானத்தில் 14 சிலிண்டர் இருந்ததே என்று கேட்கலாம். அது 7 சிலிண்டர் வட்டங்கள் இரண்டை முன்னும் பின்னுமாக அடுக்கியது.

சரி, கிட்ஃபாக்ஸுக்கு வருவோம். இதில் வழக்கமாகப் பூட்டுவது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912. அதன் 100 குதிரைத்திறன் வகை ஏறக்குறைய 60 கிலோ. ரேடியேட்டரும் குளிர்நீரும் சேர்ந்தால் இன்னும் சில கிலோ கூடும். ரேடியல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ரோட்டெக் ஆர்2800 இருக்கிறது. 7 சிலிண்டர், 110 குதிரைத்திறன், சுமார் 102 கிலோ. சக்தி 10 குதிரைத்திறன்தான் கூடுதல். எடை?

வித்தியாசம் 30 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுவோம். விமானத்தின் ஈர்ப்பு மையத்திலிருந்து இயந்திரம் 1.2 மீட்டர் முன்னால் இருந்தால், 30 × 1.2 = 36. விளையாட்டு மைதானத்துச் சீசா பலகையைப் போல மூக்கு கீழே சாயும். அதைச் சமன்படுத்த, 4 மீட்டர் பின்னால் உள்ள வாலில் 9 கிலோ ஈயம் கட்ட வேண்டும். ஆக மொத்தம் 39 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் 0.72 கிலோ என்றால், இது 54 லிட்டர் பெட்ரோலின் எடை. ரோட்டாக்ஸுக்கு அது இரண்டரை மணி நேரப் பறப்புக்குப் போதும். 10 குதிரைத்திறனுக்கு இவ்வளவு விலையா என்பதுதான் என் கேள்வி. ரேடியல் முன்பின்னாக நீளம் குறைந்தது என்பதால் அதை விமானியின் பக்கமாக நெருக்கிப் பூட்டலாம். சுமை கொஞ்சம் குறையும். ஆனால் அதன் வட்டம் கார் சக்கரத்தைவிடப் பெரியது. எதிர்க்காற்றின் தடையும் கூடும், தரையில் ஓடும்போது விமானிக்கு முன்பாதையும் மறைக்கும்.

அடுத்தது உந்துவிசிறி. ஆர்2800 நிமிடத்திற்கு 3,700 சுற்று வரை சுற்றுகிறது. 1.9 மீட்டர் விசிறியை நேராக அதில் மாட்டினால் விசிறியின் நுனி விநாடிக்கு 368 மீட்டர் வேகத்தில் போகும். நம் வெப்பத்தில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 349 மீட்டர். நுனி ஒலியை முந்தினால் காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும், தள்ளும் திறனும் குறையும். அதனால்தான் ரோட்டெக்கில் 3-க்கு 2 என்ற பல்சக்கரம் வைத்திருக்கிறார்கள். நுனி வேகம் 245 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. செக் நாட்டின் வெர்னர் ரேடியல்களில் பல்சக்கரமே இல்லை. இயந்திரமே மெதுவாகச் சுற்றும். பழுதாக ஒரு பாகம் குறைவு என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

சக்தி நிறைய வேண்டும் என்றால் ரஷ்யாவின் எம்14பி இருக்கிறது. 9 சிலிண்டர், 360 குதிரைத்திறன், 214 கிலோ. கிலோவுக்குக் கணக்கிட்டால் ரோட்டாக்ஸுக்குச் சமம். பயிற்சி விமானமான யாக்-52 இதில்தான் பறக்கிறது. ஆனால் கிட்ஃபாக்ஸின் மூக்கில் இதை மாட்ட நினைப்பது கன்றுக்குட்டியின் தலையில் காண்டாமிருகத்தின் கொம்பை வைப்பது போல. இதற்கென்றே வடிவமைத்த பெரிய கிட் விமானங்கள் இருக்கின்றன.

நம் ஈரக்காற்றுக்கு வருவோம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது அங்குள்ள காற்றின் வெப்பம் சட்டென்று 30 பாகைக்கும் மேல் குறையலாம். வெளியே 28 பாகை வியர்த்துக் கொட்டும்போதே உள்ளே பனிக்கட்டி உருவாகி, இயந்திரத்தை மூச்சடைக்க வைத்துவிடும். அதுவும் இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும் நேரத்தில்! கார்புரேட்டர் உள்ள எந்த இயந்திரத்தை வாங்கினாலும், புகைக்குழாய்ச் சூட்டில் காய்ந்த காற்றை உள்ளே விடும் கதவு அவசியம்.

ரேடியலுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து, தலைகீழாகத் தொங்கும் அடிச் சிலிண்டர்களில் தேங்கும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயில் முட்டி, அதைத் தாங்கும் தண்டு வளையும். உடனே உடைந்தால்கூட நல்லது. வளைந்த தண்டு சில நாள் ஓடிவிட்டு, நடுவானில் முறிவதுதான் மோசம். ஆகவே ஒவ்வொரு முறையும் பற்றவைப்புச் சுவிட்சை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடைபட்டால் பலவந்தம் கூடாது. பின்பக்கமாகவும் சுற்றக்கூடாது, எண்ணெய் காற்றுக்குழாய்க்குள் போய் ஒளிந்து, ஸ்டார்ட் ஆனதும் திரும்பி வரும். அடிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிப்பது ஒன்றே வழி.

இவ்வளவும் தெரிந்த பிறகு எதை வாங்குவது? 1930-களின் விமானம் ஒன்றை அதே தோற்றத்தில் கட்டுபவருக்கு ரேடியலே பொருத்தம்; அந்த வட்ட மூக்கும் எடையும் வரைபடத்திலேயே இருக்கும். கிட்ஃபாக்ஸில் ஒரு நண்பரையும் ஏற்றிக்கொண்டு தூரம் போக விரும்புபவருக்கு என் ஓட்டு ரோட்டாக்ஸுக்கே. எதுவானாலும் மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் தரையைவிட்டு எழக்கூடாது.

விசிறியைக் கையால் சுற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாச் சிலிண்டர்களையும் ஒருமுறை சோதிக்க இயந்திரத் தண்டு இரண்டு சுற்று வர வேண்டும். பல்சக்கரம் இல்லாத வெர்னரில் விசிறியும் இரண்டு சுற்று. இரண்டு இதழ் விசிறி என்றால் கையில் நான்கு இதழ்கள் கடக்கும். ரோட்டெக்கில் தண்டு 3 சுற்றினால் விசிறி 2-தான் சுற்றும். அப்படியானால் தண்டின் இரண்டு சுற்றுக்கு விசிறி ஒன்றே கால் சுற்றைவிடச் சற்றுக் கூடுதல், அதாவது 4/3 சுற்று. இதழ் கணக்கில் 2.67. மூன்று இதழ்கள் எண்ணினால் ஏழு சிலிண்டர்களும் முடிந்துவிடும்.