தீவகத்தில் காற்றுதான் மேடு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் இறங்குதுறை வரை செல்லும் வீதியில் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் ஒன்றுகூட இல்லை. நெடுந்தூர ஓட்டம் பழக இதைவிட இலகுவான இடம் உண்டா என்று தோன்றும். இருபுறமும் கடல் விரிந்த தாம்போதியில் சோழகக் காற்றை எதிர்த்து ஓடியவரைக் கேளுங்கள். மேட்டின் வேலையை அங்கே காற்று செய்கிறது என்பார். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ ஓடப் பழகும் ஒருவர் தன் ஆண்டைக் காற்றையும் வெயிலையும் பார்த்தே வகுக்க வேண்டும். கைக்கடிகாரம் அதற்குப் பிறகுதான்.

காற்றுத்தடை, உடலில் மோதும் காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவர் மீது, காற்றில்லாத நாளில், அதே 10 கிலோமீற்றர் வேகத்தில்தான் காற்று மோதும். எதிர்க்காற்று 20 கிலோமீற்றரில் வீசினால் மோதும் வேகம் 30 ஆகிவிடும். வேகம் மூன்று மடங்கு, தடை ஒன்பது மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். ஆனால் ஓடுபவரின் சொந்த வேகத்தைக் கழித்தால் மிஞ்சுவது 10 மட்டுமே. போகும்போது ஒன்பது பங்கு கொடுத்தவருக்கு வரும்போது ஒரு பங்குதான் கிடைக்கிறது. போக்கும் வரவும் சேர்ந்து சரியாகிவிடும் என்று நம்பி நேரக் கணக்கில் மனம் உடைவோர் இதை அறிய வேண்டும்.

1953 எவரெஸ்ட் பயணக் குழுவில் உடலியலாளராக இருந்த கிரிபித் பியூ, 1971இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றைக் காட்டினார். மத்திய தூர ஓட்ட வேகத்தில், முன்னால் ஓடுபவருக்கு ஒரு மீற்றர் பின்னே ஓடினால் காற்றுத்தடை 80 வீதம் குறைகிறது. தாம்போதியில் தனியாகப் போராடுவதைவிட, விளையாட்டுக் கழகத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வரிசையாக, முன்னிடத்தை மாற்றி மாற்றி ஓடுவது எல்லோருக்கும் நல்லது.

பின்காற்று சுகமானது என்று நினைப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய 600 கிலோகலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படும். அந்த வெப்பம் வெளியேறாமல் உடலிலேயே தங்கினால் உடல் வெப்பநிலை 9 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறும். உயிர் தாங்காது. அதை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை ஆவியாவது. ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரியைக் கொண்டுபோகிறது. ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. கடற்கரைக் காற்றின் ஈரப்பதன் ஏற்கெனவே ஆவியாதலைத் தடுக்கிறது. இதில் ஓடும் வேகமும் பின்காற்றின் வேகமும் ஒன்றானால் தோலைச் சுற்றிய காற்று அசையாமல் நின்றுவிடும். கால்களுக்கு இலேசான அந்த நேரத்தில்தான் உடல் கொதிக்கிறது.

ஏப்ரல் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நாட்களில் விடியுமுன் ஓடி முடிப்பதே அறிவு. வெயிலுக்குப் பழக உடலுக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வேண்டும். குருதியின் திரவப் பகுதி கூடும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு குறையும், வியர்வை முந்திச் சுரக்கும், அதில் உப்புக் குறையும். பழக்கம் விட்டால் சில வாரங்களில் இந்த மாற்றங்கள் மறைந்துவிடும். ஆடி, ஆவணியில் இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் உறவுகள், அங்கே ஓடிய வேகத்தை இறங்கிய மறுநாளே இங்கே எதிர்பார்க்கக்கூடாது.

குடிப்பதிலும் அளவு உண்டு. 2002 பொஸ்ரன் மரதனில் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது 13 வீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் குடித்திருந்ததே முக்கிய காரணம். தாகத்துக்குக் குடியுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உப்புப் போட்ட கஞ்சியோ மோரோ போதும்.

இவற்றை வைத்து ஒரு பருவத்தை வகுக்கலாம். வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும் காலம் அடித்தளத்துக்குரியது. அடுத்தவரோடு கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகம் போதும். அந்த வேகத்திலேயே தசைக் கலங்களில் இழைமணிகள் பெருகும், மயிர்க்குழாய்கள் கூடும், தசை ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் வளரும். வாரத்தில் ஒரு நாள் சாட்டிக் கடற்கரை மணலில் சிறிது தூரம் ஓடலாம். மணலில் ஓடக் கடினத் தரையைவிட 1.6 மடங்கு சக்தி தேவை என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வெக்கையைத் தணிக்கும்போது வேக ஓட்டங்களைச் சேர்க்கலாம். இடி மின்னல் நேரத்தில் வெட்டவெளித் தாம்போதிக்குப் போகக்கூடாது. தையும் மாசியும் போட்டிக் காலம். பொங்கல் விளையாட்டுகளும் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளும் அப்போதுதான். அதற்குள் காற்றும் வாடையாக மாறி வடகிழக்கிலிருந்து வரும். குறிகட்டுவானிலிருந்து நகரை நோக்கி ஓடுபவருக்குச் சோழகத்தில் துணையாயிருந்த காற்று இப்போது எதிரே நிற்கும்.

பயிற்சியால் உடலில் வரும் மாற்றங்கள் இளையோருக்கு மட்டும் உரியவை அல்ல. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில், தன் 72ஆவது வயதில், 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். இதயமும் தசையும் எந்த வயதிலும் பயிற்சிக்கு இணங்கும். ஆனால் எலும்பும் தசைநாணும் இதயத்தைவிட மெதுவாகவே உறுதிபெறும். எனவே தூரத்தைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள். மாதக்கணக்கான ஆயத்தம் கேட்கும் ஓட்டத்தை, போட்டி நாளில் மட்டும் ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்கெடுத்த மாணவன் ஒருவன் மயங்கி விழுந்து உயிரிழந்தான். அந்தத் துயரம் ஒவ்வொரு பாடசாலைக்கும் பொறுப்பைத் தந்திருக்கிறது. ஓட்டத்தை விடிகாலையில் வையுங்கள். பங்குபற்றும் பிள்ளைகளுக்குச் சில மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள், மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள். வழியில் நீரும் நிழலும், உடலைக் குளிர்விக்கப் பனிக்கட்டியும், முதலுதவி தெரிந்தவரும் இருக்கட்டும். எதிர்க்காற்று நாளில் நேரம் கூடினால் பிள்ளையைக் கடியாதீர்கள். அவன் ஓடியது மேட்டில்.