சாளரங்களைப் பழைய இடத்தில் அமர்த்துதல்

இரண்டாமாண்டு, இளநிலை அறிவியல்

நிரல் எழுதுவோர்க்கு ஒரே நேரத்தில் பல கோப்புகள் கண்முன் இருத்தல் வேண்டும். இடப்புறம் முதன்மை நிரல், வலப்புறம் அது அழைக்கும் துணை நிரல், கீழே உள்ளீட்டுக் கோப்பு எனத் திரையை மூன்றாகப் பகுத்துக் கொள்வது என் வழக்கம். இப்பகுதிகளையே சாளரங்கள் என்கிறோம். சொந்தக் கணிப்பொறி உடையவர்க்கு இது ஒரு பொருட்டன்று. ஒருமுறை அமைத்தால் அப்படியே கிடக்கும். நம்மில் பலருக்கோ ஆய்வகப் பொறியே கதி. இன்று அமர்ந்த பொறி நாளை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இடையில் ஐந்தாறு பேர் கைபட்டிருக்கும். செய்முறை வகுப்பில் கால்மணி நேரம் இதைச் சீர் செய்வதிலேயே கழிகிறது. மீதியை வீட்டில் முடிக்கலாமென்றால் வீட்டில் பொறி இல்லை.

எங்கள் ஊரான வடக்குப்பட்டைச் சுற்றி ஒரகடத்துத் தொழிற்சாலைகள் உள்ளன. ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும், மேசை மாறாது. இத்தகைய இடங்களில் ஓர் எளிய உபாயம் உண்டு. ஸ்பேனர், திருப்புளி முதலியவற்றின் உருவைப் பலகையில் வரைந்து வைப்பர். வேலை முடிந்ததும் கருவி தன் உருவின்மேல் போய் அமர வேண்டும். அடுத்து வருபவர் தேட வேண்டியதில்லை.

எடிட்டருக்கும் அத்தகைய பலகை இருக்கிறதா? 2015இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோடு, கடைசியாக விட்ட அமைப்பைத் தானே நினைவில் வைக்கும். ஆனால் அந்நினைவு இருப்பது அந்தப் பொறியில். சொந்தக் கணக்கில் நுழைந்தால் அமைப்புகளை வேறு பொறிக்கும் கொண்டுபோகலாம்தான். பலர் புழங்கும் பொறியில் தம் கணக்கைத் திறந்துவைக்க யாருக்கு மனம் வரும்? இடம் மாறியவற்றை மீட்க ‘ரீசெட் வியூ லொகேஷன்ஸ்’ என்றொரு கட்டளையும் உண்டு. அது மீட்பது எடிட்டரோடு வந்த அமைப்பை. நாம் விரும்பிய அமைப்பை அன்று.

இங்கேதான் பழைய ‘விம்’ கைகொடுக்கிறது. நெதர்லாந்து நாட்டவரான பிராம் மோலனார் 1991இல் வெளியிட்டது இது. 2023இல் அவர் மறைந்தார். விலை கிடையாது, விரும்புவோர் உகாண்டா நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு உதவலாம் என்பதே அவர் வேண்டுகோள்.

விம்மில் முக்காற்புள்ளியிட்டு ‘எம்கேசெஷன்’ என்று தட்டினால் போதும். திறந்துள்ள கோப்புகள், சாளரங்களின் இடம், அகலம், உயரம் அனைத்தும் ஒரு சிறு கோப்பில் எழுதப்படும். அது வெறும் எழுத்துக் கோப்பு. பென் டிரைவில் அடங்கும். மறுமுறை விம்மைத் தொடங்கும்போது சிறுகோடும் பெரிய ‘எஸ்’ எழுத்தும் இட்டால் பழைய திரை எழுந்து நிற்கும். அளவுகளை விகிதமாக எழுதிவைப்பதால் சிறிய திரையிலும் பொருந்திக்கொள்ளும். இந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஓர் இடர்ப்பாடு உண்டு. பென் டிரைவின் முகவரி பொறிக்குப் பொறி மாறும். விம்மோ பழைய முகவரியில் கோப்புகளைத் தேடி ஏமாறும். இதற்கென ‘செஷன்ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் ‘கர்டிர்’ என்பதை நீக்கி ‘செஸ்டிர்’ என்பதைச் சேர்த்து, நிரல்கள் உள்ள கோப்புறையில் இருந்தபடியே சேமிக்க வேண்டும். அப்போது செஷன் கோப்பு எங்கிருக்கிறதோ அதையே இருப்பிடமாகக் கொள்ளும்.

இரண்டாம் முறை அதே பெயரில் சேமிக்கும்போது கட்டளையின் இறுதியில் வியப்புக்குறி இடுதல் வேண்டும். செஷன் கோப்பு சாளரங்களைத்தான் காக்கும். எழுதிய வரிகளைக் காக்காது. அவற்றைத் தனியே சேமித்துவிட்டுத்தான் பென் டிரைவைக் கழற்ற வேண்டும்.