விசாரணையில்லாத் தீர்ப்பு

வக்கீல் தொழிலில் முதற்பாடம் ஒன்று உண்டு. எதிர்த் தரப்பைக் கேளாமல் அளிக்கப்படும் தீர்ப்பு, தீர்ப்பே ஆகாது என்பதே அது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் உள்ள இந்த உரிமையை, வருஷந்தோறும் சித்திரை மாதத்தில் கூவாகம் திருவிழாவுக்குச் சென்று திரும்பும் திருநங்கையருக்கு நமது ஜனங்கள் மறுத்து வருகிறார்கள். பார்த்த மாத்திரத்தில் விசாரணை முடிகிறது. பார்த்த மாத்திரத்தில் தண்டனையும் பிறக்கிறது. அப்பீலுக்கு இடமே கிடையாது.

சென்ற சித்திரையில் நாம் ஒரு காரியமாகக் கரியமாணிக்கம் போயிருந்தோம். சாலையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபொழுது வெள்ளைப் புடவை உடுத்த மூவர் வந்து தேநீர் கேட்டனர். கூவாகத்திலிருந்து திரும்புகிறவர்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவர்கள் பணம் கொடுத்துவிட்டு அகன்றதும், பெஞ்சியில் இருந்த இளைஞர் ஒருவர், "வேஷம் கலைந்துவிட்டது" என்றார். அனைவரும் சிரித்தனர். உண்மையை மறைப்பானேன்? நாமும் புன்னகை செய்தோம். அப்பொழுது மூலையில் இருந்த முதிய குடியானவர் ஒருவர் வாய் திறந்தார். "தம்பி, என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டு, அதே கோயிலில் நானும் தாலி கட்டிக்கொண்டேன்; மறுநாள் அறுத்தேன். என்னை யாரும் வேஷக்காரன் என்று சொல்லவில்லையே!" என்றார். சிரிப்பு அடங்கிற்று. நமது புன்னகையும் அத்துடன் போயிற்று.

பெரியவர் சொன்னது விநோதமான செய்தி அன்று. கள்ளக்குறிச்சி ஜில்லா உளுந்தூர்ப்பேட்டைத் தாலுகாவில் உள்ள கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா 18 நாள் நடைபெறுகிறது. சுற்று வட்டாரத்துக் கிராமத்து ஆண்களும் நேர்த்திக்கடனாகப் பூசாரியின் கையால் தாலி ஏற்பது அங்கே நெடுநாள் வழக்கம். கூத்தாண்டவர் என்பவர் அரவானே. அர்ச்சுனனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்து, பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியானவர். 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இக்களப்பலிச் செய்தி காணப்படுகிறது. சாவதற்கு முன் மணம் முடிக்க விரும்பிய அரவானுக்குப் பெண் கொடுப்பார் இல்லை; மறுநாள் விதவையாவதற்கு எவள் சம்மதிப்பாள்? கண்ணனே மோகினியாகி அவனுக்கு மனைவியானான் என்பது வழிவழியாக வரும் கதை. அந்த மோகினியின் ஸ்தானத்தில் தங்களை வைத்தே திருநங்கையர் தாலி ஏற்கின்றனர். மறுநாள் தேர் சென்றபின் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளை உடுத்து அழுகின்றனர். நாம் கடையில் கண்ட வெள்ளைப் புடவை துக்க உடை. துக்கம் காத்து வருகிறவர்களைப் பார்த்தே நாம் சிரித்தோம்!

ஒரே கோயில், ஒரே பூசாரி, ஒரே மஞ்சள் கயிறு. குடியானவர் கட்டிக்கொண்டால் பக்தி; திருநங்கை கட்டிக்கொண்டால் வேஷம். இந்த நியாயம் எங்கிருந்து வந்தது?

இதில் ஒரு பகுதி நமக்கு அந்நியர் கற்பித்த பாடம். 1871-ம் வருஷத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை நமது தேசபக்தர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவன் செய்த குற்றத்திற்காக அன்றி, அவன் பிறந்த குலத்திற்காகவே அவனைப் பதிவேட்டில் ஏற்றிய சட்டம் அது. 1920-ம் வருஷம் ஏப்ரல் மாதம் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் துப்பாக்கிக்கு இரையானார்கள். ஜார்ஜ் ஜோசப் அதை எதிர்த்து வாதாடினார். முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்தினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. இவையெல்லாம் மேடைதோறும் பேசப்படுகின்றன. ஆனால் அதே 1871-ம் வருஷத்துச் சட்டத்திற்கு இரண்டாம் பாகம் ஒன்று இருந்ததை எத்தனை பேர் பேசுகிறோம்? அப்பாகம் அலிகள் என்று சர்க்கார் கருதியவர்களைப் பற்றியது. அது வடஇந்திய மாகாணங்களில் அமுலுக்கு வந்தது. அவர்கள் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன. பெண்ணுடையில் பொதுவிடத்தில் தோன்றினாலும், ஆடினாலும், வாரண்டு இன்றியே கைது செய்ய அதிகாரம் அளிக்கப்பட்டது. சட்டத்தின் முதற்பாகத்தை அநீதி என்று வீராவேசத்துடன் முழங்கும் நாம், இரண்டாம் பாகத்தை நமது மனத்திற்குள்ளேயே அமுல் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

புதுவைப் பிரதேசத்தார்க்கு இதில் தனிப் படிப்பினை ஒன்று உண்டு. 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு இயற்கைக்கு மாறானது என்று தான் கருதிய சேர்க்கையைக் குற்றமாக்கிற்று. அதைக் காட்டித் திருநங்கையரைப் பயமுறுத்துவதும் வழக்கமாயிற்று. பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில் அதைப் போன்ற பிரிவு இல்லை. நெட்டப்பாக்கம் வட்டாரத்தில் ஒரு வயலின் இப்பக்கம் பிரெஞ்சுக் கொடி, அப்பக்கம் பிரிட்டிஷ் கொடி என்றிருந்த காலத்தில், வரப்பைத் தாண்டினால் மனிதன் குற்றவாளியாவான்; திரும்பி வந்தால் நிரபராதியாவான்! தர்மம் என்று நாம் சத்தியம் செய்வதில் எவ்வளவு தர்மம், எவ்வளவு எவனோ ஒரு துரை எழுதிய வாசகம் என்பதை இது காட்டவில்லையா?

எனினும், பழியை வெள்ளையன் தலையில் கட்டிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது. 1947-ல் சுதந்திரம் பெற்ற நாம் அப்பிரிவை 71 வருஷம் பத்திரமாக வைத்துக் காத்தோம். புதுவை இந்தியாவுடன் சேர்ந்த பின்னர் இங்கேயும் கொண்டுவந்து சேர்த்தோம். 2018-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில்தான், வயது வந்தவர்கள் மனமொத்து நடப்பது குற்றமாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. அதற்குமுன், 2014-ம் வருஷம் ஏப்ரல் 15-ல், தமது பால் இன்னதென்று கூறும் உரிமை அவரவர்க்கே உண்டு என்று அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2008-ல் தமிழ்நாட்டு சர்க்கார் இவர்களுக்கென நல வாரியம் அமைத்ததும் குறிப்பிடத்தக்கது. 2019-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பு நமது விஷயத்திற்கு இன்னும் நெருங்கியது. தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் முறைப்படி மணந்த திருநங்கையின் விவாகத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தனர். ஹிந்து விவாகச் சட்டத்திலுள்ள மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று ஹைகோர்ட்டு கூறிப் பதிவு செய்யக் கட்டளையிட்டது. சாமிக்கு மனைவியாக ஓரிரவு இருக்கலாம், மனிதனுக்கு மனைவியாக வாழ்நாள் முழுதும் இருக்கலாகாது என்ற முரண்பாட்டிற்கு அன்று சட்டத்தில் முடிவு ஏற்பட்டது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. தேநீர்க் கடை வரவில்லை.

அவசரத் தீர்ப்பு இகழ்ச்சியாக மட்டும் வருவதில்லை, புகழ்ச்சியாகவும் வரும். பட்டணத்திலிருந்து காமிராவுடன் ஒருநாள் வந்து, அலங்காரத்தையும் அழுகையையும் படம் பிடித்துக்கொண்டு, "ஆகா, தமிழ்க் கிராமத்தின் சமரசமே சமரசம்" என்று எழுதிவிட்டுப் போகிற பத்திரிகைக்காரர்களும் விசாரணையில்லாமலே தீர்ப்பளிக்கிறார்கள். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாமும் இக்குற்றத்திற்குப் புறம்பானவர்கள் அல்லோம். கிராமத்தார் காட்டும் இடங்கொடுத்தல் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் திருவிழாவில் இடங்கொடுத்த ஊர், திருவிழா முடிந்தபின் வாடகைக்கு வீடு கொடுக்குமா? கூலிக்கு வேலை கொடுக்குமா? பஸ்ஸில் பக்கத்து இடம் கொடுக்குமா? சகிப்புத்தன்மைக்கு உரைகல் திருவிழா அன்று, திருவிழாவுக்கு மறுநாள்.

"இவர்களிற் சிலர் கடைதோறும் கைதட்டிப் பணம் பறிக்கிறார்களே, அதற்கென்ன சொல்கிறீர்?" என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் கடமை. மிரட்டிப் பணம் பறிப்பது குற்றமே. செய்தவர் எவராயினும் அவர்மீது வழக்குத் தொடரலாம். ஆனால் செய்தவர்மீது மட்டுமே தொடரலாம். ஒருவர் குற்றத்தை ஓரினத்தின்மீது ஏற்றுவது எதுவோ, அதற்குப் பெயர்தான் குற்றப்பரம்பரைச் சட்டம். மேலும், வீட்டில் துரத்தி, பள்ளியில் பரிகசித்து, வேலைக்கு வந்தால் கதவடைத்துவிட்டு, பின்னர் "ஏன் கையேந்துகிறாய்?" என்று கேட்பது, கிணற்றில் தள்ளிவிட்டு ஏன் நனைந்தாய் என்று கேட்பதை ஒக்கும். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கில் ஆண், பெண் என்ற இரண்டிலும் சேராமல் பதிவானவர்கள் இத்தேசத்தில் சுமார் 4 லட்சத்து 88 ஆயிரம் பேர். இத்தனை பேருக்கும் உழைத்துப் பிழைக்கும் வழியை அடைத்துவிட்டு ஒழுக்கம் உபதேசிப்பது தேசத் தொண்டாகாது. வழி திறந்த இடத்தில் நடந்ததையும் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகத் திருநங்கை பணியேற்றது 2017-ல். நர்த்தகி நடராஜ் அவர்களுக்குப் பரத நாட்டியத்திற்காகப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது 2019-ல்.

1954-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக்கொடி ஏறிற்று. பிரெஞ்சுப் படையும் போலீசும் இருக்க, அதை ஏற்றியவர்கள் சாதாரண ஜனங்கள். "உங்களுக்குச் சுயாட்சிக்குத் தகுதியில்லை" என்று நம்மைக் கேளாமலே நம்மைப்பற்றி அந்நியர் கூறிய தீர்ப்பை அவர்கள் ஏற்க மறுத்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் அமர்ந்து, மூன்று வெள்ளைப் புடவைகளைப்பற்றி அத்தகைய தீர்ப்பு ஒன்றைக் கூறலாமா?

நமது கட்சித் தொண்டர்களிடம் நாம் வேண்டுவது பெரிய காரியம் அன்று. மேடைப் பிரசங்கமும் வேண்டாம். தெருவில் காலி வீடு இருந்து, திருநங்கை ஒருவர் வாடகைக்குக் கேட்டு வந்தால், வீட்டுக்காரரிடம் போய் அவர் பொருட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடையில் ஒருவன் பரிகாசம் பேசினால் அந்தக் கரியமாணிக்கத்துப் பெரியவர் செய்ததைச் செய்யுங்கள். அன்று அவர் வாய் திறந்திராவிட்டால், சட்டம் படித்த நாம் புன்னகையுடன் எழுந்து போயிருப்போம்.